அப்பாசாமியின் சப்பைமூக்கு ரிவால்வர்

ராத்திரி ஒன்றே முக்கால். செய்யூரிலிருந்து கடல் பக்கம் போகிற ரோடு... இரண்டு புறமும் சவுக்குத் தோப்பு. காற்றே இல்லை. இருந்தும் சவுக்கு மட்டும் உஸ்... உஸ்... என்று இரைந்துகொண்டே இருந்தது. அந்த ரோட்டில் ஒரே ஒரு பைக். ஓட்டியவர் அப்பாசாமி. இடுப்பில், வேட்டி மடிப்புக்குள், ஒரு ரிவால்வர். அதைத் தொலைக்கத்தான் போய்க்கொண்டிருந்தார். தொலைக்காவிட்டால் பெண்டாட்டி உயிரோடு இருக்கமாட்டாள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டிருந்தது.

சிரிக்காதே ரமேஷ். நம் ஷிஃப்டு ஆனந்தன் இருக்கிறானே, அவனுடைய சொந்த அக்கா புருஷன்தான் இந்த அப்பாசாமி. கம்பெனி பஸ் ரிப்பேராகி இப்படி நடுரோட்டில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் இதைச் சொல்லக் கூடாதுதான். கேட்டது நீங்கள். அப்புறம் ஒன்றுக்குப் போகத் துணைக்குக் கூப்பிட்டால் நான் வரமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

அப்பாசாமிக்குச் சவுக்கு, வேர்க்கடலை, ஒரு லாரி. குடி கிடையாது, சீட்டு கிடையாது. பழைய துப்பாக்கி என்றால் மட்டும் ஆள் காலி. அப்பா வைத்துவிட்டுப் போன இரட்டைக்குழல் வீட்டில் இருந்தது. அது போதாதென்று கலெக்டர் ஆபீஸுக்கு மூன்று வருஷம் நடையாய் நடந்து, லைசென்ஸில் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டு வந்தார். ஃபாரின் ரிவால்வர், நாற்பது ஐம்பது வருஷப் பழசு. முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குழல் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும்... சப்பை மூக்கு. செங்கல்பட்டில் ஒரு மர வியாபாரி செத்துப்போய், அவர் வீட்டில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று துப்பாக்கிக் கடைக்கு வந்த சாமான். ஏன் மாட்டேன் என்றார்கள் என்று இவர் கேட்கவில்லை. தினம் சாயங்காலம் வாசல் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, எண்ணெய் விட்டு, துணியால் தேய்ப்பார். கட்டிக்கொண்டு வந்தவளை அவர் அப்படிப் பார்த்ததில்லை என்று துர்காதேவி தம்பி ஆனந்தனிடம் சொல்லிச் சிரிப்பாளாம்.

ஒரு நாள் காலையில் காபியை வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"ராத்திரி இன்னாத்துக்குப் பக்கத்துல உக்காந்து அத்தத் தொடச்சிக்கினு இருந்த? எண்ண நாத்தம் கொமட்டுது."

அப்பாசாமி அன்று ராத்திரி வீட்டிலேயே இல்லை. பன்றி வருகிறதென்று கடலைக் கொல்லையில் காவல் படுத்திருந்தார். ரிவால்வர் பீரோவுக்குள். சாவி இவர் அரைஞாண் கயிற்றில்.

கனவு என்று சொல்லிச் சமாளித்தார். மறுநாள் வீட்டில் படுத்து, தூங்காமல் கிடந்தார். மூன்று மணி இருக்கும். சரக்... சரக்... துணி தேய்கிற சத்தம். அவளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. புது எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. யாரோ மெதுவாகத் தொண்டையைச் செருமினார்கள். அது இவருடைய செருமல். இவருடையதேதான்... இவர் வாயைத் திறக்கவில்லை.

லைட்டைப் போட்டார். யாரும் இல்லை. அவள் தலையணையில் மட்டும் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை. குழல் வாய் எவ்வளவோ அவ்வளவு.

வாங்கத் தெரிந்த மனுஷனுக்கு விற்க வழி தெரியவில்லை. கடைக்காரர் கலெக்டர் ஆபீஸ் ஆர்டர் கேட்டார். ஸ்டேஷனில் மனு எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். ஏன் வேண்டாம் என்ற காரணத்தையும் அதில் எழுத வேண்டுமாம். என்னவென்று எழுதுவார், பாவம்? லைசென்ஸ் சாமான், வைக்கோல் போரிலா ஒளித்துவைப்பது? அலைந்த ஒரு வாரத்தில் கறை தலையணையிலிருந்து தினம் ஒரு விரல்கடை அவள் முகத்துப் பக்கம் நகர்ந்தது. காது ஓரம்... நெற்றிப்பொட்டு ஓரம்... முதலில் சொன்னேனே, அந்த ராத்திரி ஒரு மணிக்குப் பார்த்தபோது அவள் நெற்றி நடுவிலேயே பளபளவென்று இருந்தது.

அதற்கு மேல் அந்த மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. பீரோவைத் திறந்தார், பைக்கை எடுத்தார். கடப்பாக்கம், ஆலம்பரைக் கோட்டை, இடிந்த மதிலுக்குக் கீழே முகத்துவாரம். கை கொண்டமட்டும் வீசினார். ப்ளக்... அவ்வளவுதான். போலீஸ் வந்தால் வரட்டும், ஜெயில் என்றால் ஜெயில், அவள் பிழைத்தால் போதும் என்று மணலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதாராம்.

வீடு வந்தபோது நாலு. அவள் விழித்திருந்தாள். மல்லாந்து, கை இரண்டும் உடம்போடு ஒட்டி, கண் உத்தரத்தில். நெற்றியில் கறை இல்லை. துடைத்துவிட்டதுபோல் சுத்தம். அப்பாசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தண்ணீர் வேண்டுமா, எழுந்து உட்கார் என்றார்.

"ஆடாம படுன்னு நீதான சொன்ன?"

"எப்ப?"

"கெளம்பறதுக்கு மின்ன. நான் வந்து சொல்ற வரிக்கும் ஆடக் கூடாதுன்னு சொன்னியே."

"நான்தான் வந்துட்டேன்ல. எழுந்துரு."

அவள் கண் மட்டும் நகர்ந்து இவரைப் பார்த்தது. கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது.

"நீ இல்ல," என்றாள். "அந்த நீ வந்து சொல்லணும்."

அதோடு சரி. பேசுவாள், ஊட்டினால் சாப்பிடுவாள். விரல் அசையவில்லை. செங்கல்பட்டுக்குத் தூக்கிப்போய் எல்லா ஸ்கேனும் எடுத்தார்கள். நரம்பில் ஒன்றும் இல்லை, எலும்பில் ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். கட்டின பெண்டாட்டி காலில் விழுந்து கெஞ்சினார் மனுஷன். ஆடினால் என்ன ஆகும் என்றும் அந்த இன்னொருவன் சொல்லியிருக்கிறானாம். அதை மட்டும் அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை.

இப்போது யோசியுங்கள். எது வேண்டாம் என்று வீசினாரோ, அதைத் தேடிக் கடலில் இறங்கினார். அது வந்தால்தானே அவன் வருவான்! படகுக்கார ஏசுபாதத்தைச் சேர்த்துக்கொண்டு, தண்ணீர் வற்றுகிற நேரமெல்லாம் கால் வைத்துத் துழாவினார், வலை போட்டு அரித்தார். உப்பு அறுத்துக் கால் இரண்டும் புண். பதினெட்டு நாள். ஆனந்தன் லீவு போட்டுவிட்டு மாமாவோடு நின்றான். அக்காவைப் பக்கத்து வீட்டுச் சந்திரம்மா பார்த்துக்கொண்டாள்.

பதினெட்டாம் நாள் பொழுது சாய்கிற நேரம். வலையில் பாசியோடு பாசியாகப் பளீரென்று ஏதோ மின்னியது. அதேதான். துருவில்லை, மண்ணில்லை. கடலுக்குள் கிடந்த சாமானில் புது எண்ணெய் வாசனை... ஏசுபாதம் சிலுவை போட்டுக்கொண்டு, திரும்பப் போட்டுவிடு என்று கையைப் பிடித்தான். அப்பாசாமி உதறினார். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என் பெண்டாட்டி எழுந்துவிடுவாள், எழுந்துவிடுவாள் என்று அழுதுகொண்டே கரைக்கு ஓடினார்.

ஆனந்தன் சந்தோஷத்தில் சந்திரம்மாவுக்குப் போன் போட்டான். இவன் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"ஆனந்தா, ஒங்க அக்கா எழுந்துகிச்சிடா. ஒன் மாமாதான் வந்து கையத் தொட்டு எழுப்புனாரு. பொடவ மாத்தி, பூ வெச்சிக்கினு, ரெண்டு பேருமா இப்பதான் தெருவுல எறங்கிப் போறாங்க."

ஆனந்தன் போனைக் காதில் வைத்தபடியே திரும்பினான். மாமா அப்போதுதான் மணலில் நின்று பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்.