யாரும் படிக்காத பதினோரு வரிகள்

காலையில் எழுந்ததும் நான் முதலில் படிப்பது தொழில்நுட்பச் செய்திகளைத்தான். அரசியல் பக்கம் போவதில்லை. வீணாக ரத்தக் கொதிப்பு ஏறும். இதில் அந்தத் தொல்லை இல்லை. உலகத்தையே புரட்டிப் போடப்போகிறது என்று வாரத்துக்கு ஒரு கருவியைச் சொல்வார்கள். அடுத்த வாரம் அதன் பெயர்கூட யாருக்கும் நினைவிருக்காது. கீழே பின்னூட்டத்தில் ஐம்பது பேர், கணினி நிரலில் வரிக்கு முன்னால் எத்தனை இடைவெளி விட வேண்டும் என்று குடுமிப்பிடிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். டீ குடித்துக்கொண்டே படிக்க அதைவிட நல்ல விஷயம் கிடையாது.

நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும், சார். ஆனால் ஓப்பன் சோர்ஸ் என்றால் என்னவென்று தெரியாமல் மீதியைக் கேட்டால் உங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஒருவன் நிரல் எழுதுகிறான். அதைப் பூட்டி வைக்காமல் எல்லார் கண்ணிலும் படும்படி இணையத்தில் போடுகிறான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தித் தரலாம். எழுதியவன் பெயரை மட்டும் ஓரமாக விட்டுவைத்தால் போதும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். ஒரே ஒரு குறைதான். எல்லாரும் பார்க்கலாம் என்பதால், யாராவது பார்த்திருப்பார்கள் என்று எல்லாரும் நம்பிவிடுகிறார்கள்.

தாடியும் நானும் கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறை. முதல் வருஷமே முகம் மறைய வளர்த்துவிட்டதால் அவனுக்கு அந்தப் பெயர். விரலில் மாட்டுகிற கிளிப் ஒன்று இருக்கிறதே, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டுமே, அதற்கான நிரலை இரண்டாம் வருஷம் நான் எழுதினேன். கை நடுங்கினால் அந்தக் கருவி தப்பான எண் காட்டும். நடுக்கத்தை வடிகட்டிச் சரியான எண்ணை எடுக்க வேண்டும். ஏழு மாதம் ஆனது. தாடி எதிர்க் கட்டிலில் படுத்துக்கொண்டு, "டேய், இத நெட்ல போடுடா, யாருக்காவது உபயோகப்படும்," என்றான். போட்டேன்.

படிப்பு முடிந்ததும் அவன் வீட்டு நோயாளிகளுக்கான மலிவான கருவி செய்கிற ஒரு நிறுவனத்தில் சேர்ந்தான். என் நிரலை எடுத்துக்கொண்டான். சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. கேட்டவர்களிடம் நானே அப்படித்தான் சொன்னேன்.

பிறகு ஒரு மாநாட்டில் பேச அவனை அழைத்தார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனான். ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் சொன்னான்: "இத ஆரம்பிச்சது என் ரூம்மேட். அவன் எழுதினது சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி. சீப்பு உடைஞ்சதுதான் மிச்சம். கடைசில மொட்டை அடிச்சிட்டு நானே முதல்லேர்ந்து எழுதினேன்." அரங்கம் சிரித்தது. அவன் என்னைப் பார்த்துக் கையசைத்தான். என் பெயரைச் சொல்லவில்லை. கீழே வந்ததும் தோளில் கை போட்டு, "தப்பா எடுத்துக்காதடா, சும்மா ஜாலிக்கு," என்றான்.

"சே, இதுல என்ன இருக்கு," என்றேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பத்து வரிக்கு ஒன்பது என்னுடையது. பெயர்களை மட்டும் மாற்றியிருந்தான். எனக்குக் கோபம் வரவில்லை, சார். கோபம் வந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு அன்றைக்கே முடித்திருப்பேன்.

அவனும் தன் நிரலை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துதான் வைத்திருந்தான்; அடுத்த வாரம் வேறொரு பெயரில் அதற்கு உதவ ஆரம்பித்தேன். முதலில் விளக்கக் குறிப்பில் எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். அப்புறம் சின்னச் சின்னப் பழுதுகள். இரண்டு வருஷம், வாரம் தவறாமல். எல்லாம் சுத்தமான வேலை, அதில் நான் ஏமாற்றவில்லை. தாடி அந்தப் பெயருக்கு உருகி உருகி நன்றி எழுதுவான். என்னோடு சாப்பிடும்போதும் அந்தப் பேச்சுதான். "யாருன்னே தெரியாதுடா. தங்கமான மனுஷன். அவர் அனுப்பினா நான் இப்பல்லாம் பார்க்கிறதே இல்ல."

"விட்டுடாத. அப்படி ஆள் கிடைக்கிறது கஷ்டம்," என்றேன்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாடியின் அப்பா. நானும் அப்பா என்றுதான் கூப்பிடுவேன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டுப்போய்ப் படுக்கையோடு இருந்தார். மூக்கில் குழாய், விரலில் கிளிப், தலைமாட்டில் தாடியின் நிறுவனக் கருவி. எண் இறங்கினால் அலாரம் அலறும். பக்கத்து அறையில் தாடியின் தங்கை பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருப்பாள். சத்தம் கேட்டதும் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பத்தே காலடியில் வந்துவிடுவாள். நான் எண்ணியிருக்கிறேன்.

தாடி எப்போதும் ஊர் சுற்றிக்கொண்டிருந்ததால் செவ்வாய்க்கிழமைகளில் நான் போய்ப் பார்ப்பேன். அவரை எனக்கு நிஜமாகவே பிடிக்கும். "மேல போறவனையும் கீழ போறவனையும் ஒரே பெட்டியில நிக்க வெச்சவன் தம்பி நான்," என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார், சிரித்தால் இருமல் வரும், இருமினால் அலாரம் அடிக்கும், தங்கை ஓடி வருவாள். "அண்ணா, ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கத்துது இது," என்று என்னிடம் அலுத்துக்கொள்வாள்.

அவள் சொன்னதிலிருந்துதான் எனக்கு வழி கிடைத்தது. தேவையில்லாத அலாரங்களைக் குறைக்கும் திருத்தம் என்று பெயர் வைத்துப் பதினோரு வரிகள் எழுதினேன். எண் ஆபத்தான அளவுக்குக் கீழே போனால், கிளிப் கழன்றுவிட்டது என்று கருவி எடுத்துக்கொள்ளும். சத்தம் போடாது. கருவி எப்போது கத்த வேண்டுமோ அப்போது சும்மா இருக்கும். நான் எதையும் மறைக்கவில்லை. மேலேயே குறிப்பு எழுதியிருந்தேன்: இந்த அளவுக்குக் கீழே அலாரம் அடிக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். தாடி விமான நிலையத்தில் இருந்தான். நாலு நிமிஷத்தில் சம்மதம் கொடுத்துவிட்டான்.

யாராவது கண்டுபிடிப்பார்கள், நாலு பேர் முன்னால் அவன் தலைகுனிவான், அத்தோடு சரி என்றுதான் முதலில் நினைத்தேன். வெள்ளிக்கிழமை அது சோதனைக்கு ஆறு வீடுகளுக்குப் போனது. அதில் ஒன்று அப்பா வீடு. யாரும் எதுவும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் போனேன். பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா திரையைக் காட்டினார். "தம்பி, இது நாலு நாளா என்னமோ புதுசா போடவான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. பயந்துக்கிட்டு நான் தொடவே இல்ல. நீ படிச்சவன். அழுத்தலாமா?"

"அழுத்துங்கப்பா."

கண்ணாடி போட்டிருக்கவில்லை. விரல் வேறெங்கோ போனது. கையைப் பிடித்து இடத்தில் வைத்தேன். புதுசு ஏறி முடிக்க ஆறு நிமிஷம் ஆனது. முடிகிறவரை இருந்து பார்த்துவிட்டு, தங்கையிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

வியாழக்கிழமை பகலில் அப்பா போய்விட்டார். அலாரம் இல்லாததால் நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்து, எழுப்ப வேண்டாமே என்று தங்கை கதவை ஒருக்களித்துவிட்டுத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சாப்பாட்டுத் தட்டோடு வந்தபோதுதான் தெரிந்தது. மற்ற ஐந்து வீடுகளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் விசாரித்தேன். எனக்கும் மனசாட்சி இருக்கிறது.

மூன்றாம் நாள் தாடி என்னைக் கூப்பிட்டான். அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். பதினோரு வரிகளும் திரையில் இருந்தன. கீழே அவன் கொடுத்த சம்மதம், அவன் பெயரோடு.

"நான்தாண்டா ஓகே பண்ணேன். படிக்காமலே ஓகே பண்ணேன். எங்கப்பாவ நானே கொன்னுட்டேன்டா."

அவனைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் சட்டை நனைந்தது. "அப்படிச் சொல்லாதடா," என்று முதுகைத் தடவினேன். உண்மையைச் சொல்கிறேன், சார், எனக்கு அது போதுமாக இருந்தது. அதோடு விட்டிருந்தால் நான் இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கவே மாட்டேன்.

ஆனால் அவன் எல்லாருக்கும் ஒரு கடிதம் எழுதினான். திருத்தம் அனுப்பியவர் மேல் தப்பில்லை, படிக்காமல் விட்ட நான்தான் குற்றவாளி என்று. எல்லாத் தொழில்நுட்பச் செய்தியிலும் அதுதான் தலைப்பு. என்ன நேர்மை, என்ன துணிச்சல் என்று பின்னூட்டத்தில் ஆயிரம் பேர். வழக்கமாகச் சண்டை போடுகிறவர்கள்கூடப் போடவில்லை. ஊர் ஊராகக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். தங்கை தையலை விட்டுவிட்டாள். வீட்டில் சத்தமே இல்லை என்று கேள்விப்பட்டேன். நான் அங்கே போவதில்லை.

போன சனிக்கிழமை அவன் பேசிய ஒரு காணொளியைப் பார்த்தேன். அப்பாவைப் பற்றிச் சொன்னான், அரங்கம் எழுந்து நின்றது. கடைசியில், "அந்த மனுஷன் எங்கயோ இருந்து தவிச்சுக்கிட்டுத்தான் இருப்பார். தெரியாம நடந்த தப்பு. அவர நான் மன்னிச்சுட்டேன்," என்றான்.

மனசு உறுத்தித்தானே நீயாக வந்தாய் என்று சற்று முன் கேட்டீர்கள். ஆமாம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தெரியாமல் நடந்த தப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அனுப்புவதற்கு முன் அதை நாற்பது தடவை சோதித்திருக்கிறேன். அதில் ஒரு பிழை கிடையாது, சார். நான் எழுதினபடியேதான் வேலை செய்தது.