தாளில் இல்லாத வார்த்தை

— அங்க உக்காராதீங்கம்மா, பெஞ்சு ஈரம். இப்பதான் எதையோ கழுவி விட்டிருக்காங்க.

— பரவால்லண்ணே. நீங்க ஆஸ்பத்திரி வரைக்கும் வந்ததே பெருசு. போனே எடுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்.

— எடுக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆறு வருஷம் நம்ம நாய் மிளகு கூடயே குடோனச் சுத்தினவன இப்ப பின்கேட்ல உக்கார வச்சு லாரி நம்பர் எழுதச் சொல்றாங்க. முட்டி தேஞ்சிடுச்சாம். நடக்கறது நானு, முட்டி தேஞ்சது அவங்களுக்குத் தெரியுது. அது கெடக்கட்டும். வரும்போது கண்ணாடி வழியாப் பாத்தேன் மிளக. என்னப் பாத்ததும் வால ஆட்டுச்சு.

— ஆட்டுச்சா?

— லேசா.

— எனக்கு நாலு நாளா ஆட்டலண்ணே.

— ஆட்டாது. அது கழுத்துல செவப்பா ஏதோ மாட்டியிருக்கீங்களாமே?

— புதுப் பட்டை. பழசு தோல் உரிஞ்சு கழுத்த அறுத்துச்சு, அதான் மாத்தினேன்.

— அந்தப் பழச நான் என் கையால தச்சேன். ஆறு வருஷமா அறுக்காதது நீங்க வந்த ரெண்டு மாசத்துல அறுத்துடுச்சாக்கும்.

— தூக்கிப் போடலண்ணே. வீட்ல பத்திரமா இருக்கு. வேணும்னா கொண்டாந்து தரேன்.

— எனக்கெதுக்கு? நான் மாட்டிக்கவா?

— கோச்சுக்காதீங்க.

— கோவம் என்ன கோவம். அம்முன்னு கூப்புடறீங்களாமே? கேட்ல எல்லாரும் பேசிக்கறாங்க.

— சொல்லப்போனா அது வாயில தானா வந்துடுச்சுண்ணே. ஒரு செல்லந்தான்.

— வேல பாக்கற நாய்மா அது. அவ்ளோ பெரிய குடோன் அதோட பல்ல நம்பித்தான் நிக்குது. அம்மு கும்முன்னு கொஞ்சினா நாளைக்குத் திருடன் வந்தா மடியில ஏறிப் படுத்துக்கும்.

— படுத்துக்கறதுக்காவது தெம்பு வரட்டும். பன்னண்டு நாளா ஒரு வாய் எடுக்கலண்ணே. தண்ணி மட்டும் குடிக்குது. புல்லத் தின்னுட்டு மஞ்சளா வாந்தி எடுக்குது. கோழி வேக வச்சுப் பாத்தேன், ஈரல் வச்சுப் பாத்தேன், முட்டைய ஒடச்சு ஊத்திப் பாத்தேன். கிண்ணத்துக்கு முன்னாடி உக்காந்து என் மூஞ்சியவே பாக்குது. எச்சி ஒழுகுது. ஆனா வாய வைக்க மாட்டேங்குது.

— என்னைக்கு ஆரம்பிச்சுது?

— உங்களப் பின்கேட்டுக்கு மாத்தின மறுநாளு.

— ஓ.

— ஓங்கறீங்க?

— வேற என்ன சொல்லச் சொல்றீங்க? வளத்த ஆளக் காணோம்னா ஏங்காதா? வாயில்லாத சீவன்னாலும் மனசு இருக்குல்ல.

— அதான் நானும் மொதல்ல நெனச்சேன். ரெண்டு நாள்ல சரியாகும்னு விட்டேன். மூணாம் நாள் எழுந்திருக்க முடியாம கால் பின்னுது. இங்க தூக்கிட்டு வந்தேன். ரத்தம் எடுத்தாங்க. ஒண்ணும் தெரியலன்னு மறுபடியும் எடுத்தாங்க. எக்ஸ்ரே. அப்புறம் ஸ்கேன், அது ஒண்ணுக்கே என் ஒரு மாசச் சம்பளம். ஸ்கேன்ல ஏதோ நிழல் தெரியுதாம், எதையாவது முழுங்கியிருக்கும்ங்கறாங்க. வயித்தத் தொறந்துதான் பாக்கணுமாம். எழுபதாயிரம்.

— எழுபதா? மனுசனுக்கே அவ்ளோ ஆகாதே.

— மனுசனுக்குன்னா தர்ம ஆஸ்பத்திரி இருக்கு. நாய்க்கு எங்க போறது?

— கம்பெனி குடுக்கணும்ல?

— மேனேஜர்ட்ட போய் நின்னேன். தீனியும் தடுப்பூசியும்தான் கம்பெனி கணக்காம். நோய்னா வச்சிருக்கறவங்க பாடாம். இவ்ளோ செலவு எதுக்கு, ஒரே ஊசியா போட்டு முடிச்சிடுங்க, அந்தக் காசுல ரெண்டு குட்டி வாங்கலாம்னாரு. நாற்காலிய மாத்தற மாதிரி சொல்றாருண்ணே.

— அவரு எதத்தான் நாற்காலியா பாக்கல. சரி, பணத்துக்கு என்ன பண்ணீங்க?

— ஸ்கூட்டர வித்துட்டேன்.

— அந்தப் பச்ச ஸ்கூட்டரா?

— ம். இப்ப நடந்துதான் வேலைக்கு வரேன். வீட்டுக்காரர் பேச்ச நிறுத்திட்டாரு. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு மாத்திரை, நாய்க்கு ஸ்கேனாங்கறாரு. போன வாரம் வேணும்னே ரெண்டு தடவ இருமிக் காட்டினாரு.

— அவரும் பாவம்தான்.

— சிரிக்காதீங்கண்ணே. இப்ப உங்க தயவு வேணும். கம்பெனி புத்தகத்துல மிளகு இன்னும் உங்க பேர்லதான் இருக்கு. என் பேருக்கு மாத்த ஒரு வருஷம் ஆகுமாம். பேர் இருக்கறவங்க கையெழுத்து இல்லாம இங்க கத்தி வைக்க மாட்டாங்களாம்.

— அப்படிப் போடுங்க. இந்தக் கையெழுத்து வேணும்னுதான் பன்னண்டு நாள் கழிச்சு என் ஞாபகம் வந்துச்சா?

— ஞாபகம் தெனமும் வந்துச்சு. கூப்புடத்தான் மனசு வரல.

— ஏன்?

— சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— பொறாமைண்ணே. ரெண்டு மாசம் நீங்க பின்னாடி நின்னீங்க, நான் கிண்ணத்த வச்சேன், அது சாப்டுச்சு. என் கையால சாப்புடுதுன்னு எனக்கு ஒரே பெருமை. வீட்ல போய் அளந்து விடுவேன். நீங்க போன மறுநாளே நிறுத்திடுச்சு. அப்ப என் கையில ஒண்ணுமில்ல, எல்லாம் உங்க மூஞ்சிக்குத்தான்னு ஆயிடுச்சு. உங்களக் கூப்ட்டு, நீங்க வந்து, அது உங்ககிட்ட சாப்ட்டுட்டா நான் எங்க போய் மூஞ்சிய வச்சுக்கறது? அந்தப் பொறாமையிலதான் கூப்புடாம இருந்துட்டேன். மொதல்லயே கூப்ட்டிருந்தா ஒரு வேள ஸ்கேனே தேவப்பட்டிருக்காது. ஏதாவது திட்டுங்கண்ணே.

— திட்டறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கு.

— மிளகுக்கு வந்தவங்க யாரு? நீங்கதானம்மா? இவரு?

— புத்தகத்துல பேர் இருக்கறவரு இவருதாங்க. கம்பவுண்டர் வந்துட்டாருண்ணே, பேனா இருக்கா?

— ஒண்ணும் பயப்படாதீங்க ஐயா, இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு, மூணு கையெழுத்து. டாக்டர் தயாரா இருக்காரு. பதினோரு மணிக்கு உள்ள கொண்டு போயிடுவோம்.

— எடை எவ்ளோ போட்டிருக்கீங்க இதுல?

— பத்தொம்பது கிலோ ஐயா. காலையில எடுத்தது.

— எங்கிட்ட இருந்தப்ப இருபத்தெட்டு.

— அதான் கொஞ்சம் யோசனை. ஒண்ணும் பயப்படாதீங்க, ஆனா சொல்ல வேண்டியது எங்க கடமை. இவ்ளோ எளச்ச ஒடம்புக்கு மயக்க மருந்து குடுத்தா சில சமயம் எழுந்திருக்காது. அதுக்கு நாங்க பொறுப்பில்லன்னு நாலாவது வரியில இருக்கு பாருங்க. படிச்சுட்டுப் போடுங்க.

— எழுந்திருக்காதுன்னா?

— பாதிக்குப் பாதிங்க. ஒளிச்சுப் பேசி என்ன ஆகப்போகுது?

— போடுங்கண்ணே. வேற வழி இல்ல. ஏன் பேனாவ மூடறீங்க?

— கம்பவுண்டரே, ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க.

— தாராளமா. உள்ளதான் இருக்கேன், கூப்புடுங்க.

— என்னாச்சுண்ணே? தண்ணி வேணுமா?

— அது எதையும் முழுங்கல.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அதுக்கு நோயே இல்லம்மா. உத்தரவுக்கு உக்காந்திருக்கு. எச்சி ஒழுக உங்க மூஞ்சியப் பாக்குதுன்னீங்களே, அது கேக்குது, சாப்புடவா வேணாமான்னு.

— சொல்றேனேண்ணே. தெனமும் சொல்றேன். நீங்க எழுதிக் குடுத்த தாள்ல இருக்கறபடிதான், ‘சாப்பிடு’ன்னு. டாக்டர்ட்ட கூட அந்தத் தாளக் காட்டினேன்.

— அது சாப்புடற வார்த்தை இல்ல.

— பின்ன?

— திருடன் செவுரேறி வந்து வெஷம் தடவின கறியப் போடறான்னு வைங்க. என்ன சொல்வான்? இந்தாம்பான், சாப்புடும்பான். அந்த ரெண்டையும் கேட்டா வாயத் தொறக்கவே கூடாதுன்னு குட்டியில இருந்து பழக்கினேன். சோத்த வச்சுட்டு எவனும் சொல்லாத வார்த்தை எதுன்னு யோசிச்சேன். ‘போதும்’. போதும்னு சொன்னாத்தான் அது வாய வைக்கும்.

— தெனமும் மூணு வேளையும் நான் சாப்புடு சாப்புடுன்னு கெஞ்சினேனே.

— நீங்க கெஞ்சக் கெஞ்ச அது வாய இறுக்கி மூடும். அப்படித்தான் பழக்கியிருக்கு.

— அப்ப அந்த ரெண்டு மாசம் சாப்டுச்சே?

— உங்க பின்னாடி நின்னு நான் மெதுவா சொன்னேன். நாய்க்குக் காது கூர்மை. உங்களுக்குக் கேக்கல.

— நான் பெருமைப்பட்டுக்கிட்டு நிக்கறேன், நீங்க என் முதுகுக்குப் பின்னாடி நின்னு உதட்ட அசைச்சீங்களா?

— ஆமா.

— ஏண்ணே?

— என் நாய்மா அது. ஒரு நாள் சாப்புடாம இருக்கும், ரெண்டு நாள் இருக்கும், உங்களால ஆகலன்னு என்னத் திருப்பிக் கூப்புடுவாங்கன்னு நெனச்சேன். தெனமும் போனப் பாத்துக்கிட்டுத்தான் பின்கேட்ல உக்காந்திருந்தேன். யாரும் கூப்புடல. அம்முங்கறாங்க, செவப்புப் பட்டைங்கறாங்க, ஒவ்வொண்ணா காதுல விழ விழ வயிறு எரிஞ்சுது. இன்னும் ஒரு நாள் பாப்போம், இன்னும் ஒரு நாள் பாப்போம்னு விட்டுட்டேன். ஸ்கேனு, ஆப்பரேசன்னு போகும்னு கனவுல கூட நெனைக்கல.

— நான் உங்கள அடிக்காம இருக்கறதுக்கு ஒரே காரணம், அது இன்னும் பட்டினியா கெடக்குது. அந்தத் தூக்குவாளிய எடுங்க. கம்பவுண்டர், கோழித்தண்ணி கொண்டாந்திருக்கேன், ஒரு கிண்ணம் குடுங்க. ஆப்பரேசன் இருக்கட்டும், மொதல்ல இதப் பாருங்க.

— வைக்காதீங்கம்மா, ஆப்பரேசனுக்கு முன்னாடி வெறும் வயிறா இருக்கணும்.

— பன்னண்டு நாளா வெறும் வயிறுதாங்க. தள்ளிக்கங்க. நீங்க உள்ள வர வேணாம்ணே, அங்கயே நில்லுங்க. மிளகு... இங்க பாரு. போதும்.

— அட.

— போதும்டா கண்ணு. போதும்.

— அட, அட, கிண்ணத்தையே முழுங்கிடும் போல இருக்கே. மெதுவாம்மா, மெதுவா. இத்தன நாள் கழிச்சு ஒரேயடியா குடுக்கக் கூடாது. ஸ்பூன்ல நான் ஊட்டறேன். ஐயா, அந்தக் காகிதத்த வையுங்க, டாக்டர்ட்ட சொல்லி நிறுத்தி வைக்கறேன். ஒண்ணும் பயப்படாதீங்க.

— நீங்க ஊட்டுங்க. நான் வெளிய இருக்கேன். இங்க நின்னா அழுதுடுவேன்.

— சாப்டுச்சாம்மா?

— காதுல விழலயா?

— விழுந்துச்சு. நீங்க சொன்னதுக்கே சாப்டுச்சு. என் குரல் வேணும்னு நெனச்சேன்.

— ரெண்டு பேரும் நல்லா ஏமாந்தோம்ணே. அது உங்களுக்காகவும் ஏங்கல, என்னயும் வெறுக்கல. ஒரு வார்த்தைக்காகக் கெடந்துச்சு.

— ஆமா.

— ஸ்கேன் காசு, ஸ்கூட்டர் காசுன்னு எதையும் நீட்டிடாதீங்க. எனக்கு வேணாம்.

— நீட்டுனா வாங்க மாட்டீங்கன்னு தெரியும். ஆனா குடுக்கத்தான் போறேன்.

— அப்புறம் பாக்கலாம். நானும் பொறாமையில இத்தன நாள் கூப்புடாம இருந்தவதானே. உங்கள மட்டும் நிக்க வச்சுக் கேக்க எனக்கு வாய் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். அந்தத் தாள்ல பதினேழு வார்த்தை இருக்கு. மத்ததெல்லாம் சரிதானா?

— சரிதாம்மா.

— அதுலயும் தலைகீழா எதுவும் இல்லல்ல?

— இல்ல. சாப்பாட்டு வார்த்தை ஒண்ணுதான். மத்தது எழுதினபடிதான்.

— என்னப் பாத்துச் சொல்லுங்கண்ணே.

— அதான் சொல்லிட்டேனே. எத்தன தடவ கேப்பீங்க?

— சரி, நம்பறேன். நாளையில இருந்து சாயங்காலம் வந்து அதப் பாத்துட்டுப் போங்க. மேனேஜர்ட்ட நான் பேசிக்கறேன். பொறாமப்பட மாட்டேன்னு சொல்ல முடியாது, பட்டுக்கிட்டே சும்மா இருப்பேன்.

— நீங்க நல்லவங்கம்மா. அந்த அளவுக்கு நான் இல்ல.

— அம்மா, ஒரு நிமிஷம். கிண்ணம் காலி. இப்ப என் கையுறையக் கவ்விக்கிட்டு இருக்கு, விரலோட. வலிக்கல, வெளையாட்டுக்குத்தான், ஒண்ணும் பயப்படாதீங்க. ஆனா எடுக்க முடியல. என்ன சொன்னா வாயத் தொறக்கும்?

— இருங்க, தாள் பையிலதான் இருக்கு. கவ்வினத எடுக்கறதுக்கு... பதினாலாவது வரி. ரெண்டே எழுத்துதாங்க, சத்தமா, கண்டிப்பா ஒரு தடவ சொன்னாப் போதும்னு போட்டிருக்காரு. நான் இங்க இருந்தே சொல்றேன்...

— சொல்லாதீங்கம்மா.

— ஏண்ணே?

— கடி வாங்கற திருடன் கத்தற மொத வார்த்தை அது. அதக் கேட்டா இன்னும் இறுக்கிக் கடிக்கத்தான் பழக்கியிருக்கேன்.