நாலாம் எண் கூடுகள்

என் பெயர் வில்மா ஸ்கோபலோவா. வயது ஐம்பத்தெட்டு. மொராவியா, ஹோர்னி லிபோவெட்ஸ், ஆலைத் தெரு 14ஆம் எண் வீட்டில் தனியாக வசிக்கிறேன். கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பேரிங் தொழிற்சாலையின் அளவைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் சோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். துப்பாக்கி உரிமம் உண்டு. முழங்கால் வலியால் ஆறு வருடமாகச் சுடுவதில்லை. நெருங்கிய உறவினருக்கு எதிராகப் பேச மறுக்கலாம் என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் அதிகாரி சொன்னார். நான் யாருக்கும் எதிராகப் பேச வரவில்லை என்றும், என் மருமகன் லுபோர் ஹன்ஸ்லீக் போட்டிக்கு வீட்டிலேயே வெடிமருந்து அடைத்துக் கவனமில்லாமல் தோட்டா செய்தார் என்று ஊரில் பேசுவது தப்பு, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றும் சொன்னேன்.

முதலில் ஒன்றைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன். லுபோர் வீட்டுப் பட்டறையிலிருந்து நீங்கள் எடுத்துச் சென்ற, மூடியில் 4 என்று எழுதிய பெட்டியில் இருநூறு தோட்டாக்களுக்கு மேல் மிச்சம் இருக்கும். அவற்றைச் சோதனை என்று சொல்லி யாரும் கையில் பிடித்துச் சுடக் கூடாது. குண்டைக் கழற்றி மருந்தை நிறுத்துப் பார்த்தால் போதும். சனிக்கிழமையிலிருந்து எனக்குக் கண்ணை மூடினால் அந்தப் பெட்டிதான் தெரிகிறது. உங்கள் சோதனைச் சாலையிலும் யாரோ பெற்ற பிள்ளைதானே வேலை பார்க்கும்.

லுபோர் பல் கட்டும் கூடத்தில் வேலை செய்கிறார். ஒன்பது வருடத்துக்கு முன் என் மகள் இடாவைத் திருமணம் செய்தார். இருவரும் எங்கள் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்துக்காகக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் சுடுகிறார்கள். லுபோர் சுமாராகத்தான் சுடுவார். இடா நன்றாகச் சுடுவாள். சென்ற ஜூன் மாதப் போட்டியில் வேகம் அளக்கும் மேசையில் அவளுடைய குண்டுகள் வேகம் போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேகம் குறைந்தால் நடுவில் படாத குண்டுக்கெல்லாம் மதிப்பெண்ணை வெட்டிவிடுவார்கள். அதனால் மூன்றாவதாக வரவேண்டியவள் பதினெட்டாவதாக வந்தாள். செப்டம்பர் 17 சனிக்கிழமைப் போட்டிதான் தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் கடைசிப் போட்டி. அதற்குள் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்ப்பது என்று லுபோர் முடிவு செய்தார்.

மருந்தைக் கூட்டினால் துப்பாக்கிக்குள் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறியதா என்பதைச் சுட்ட தோட்டாவின் காலிப் பித்தளைக் கூட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கூட்டின் அடியில், ஊசி குத்தியதும் மருந்தைப் பற்றவைக்கிற சின்னக் கேப்பு ஒன்று இருக்கும். அதன் ஓரம் உருண்டையாக இருந்தால் நல்லது. ஓரம் சப்பையாகிப் பள்ளத்தை அடைத்துக்கொண்டு நின்றாலோ, ஊசி குத்திய குழியைச் சுற்றி வரப்பு எழும்பியிருந்தாலோ அழுத்தம் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். எங்கள் சங்கத்தில் இருபது வருடமாக எல்லோரும் என்னிடம்தான் கூடுகளைக் கொண்டுவருவார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்துச் சொல்வேன். இதில் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நான் பார்த்து முடிக்கும்வரை கொண்டுவந்தவர் எதுவும் பேசக் கூடாது. எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு, யார் துப்பாக்கி எதையும் சொல்லக் கூடாது. பெட்டியில் எண் மட்டும் இருக்கலாம். காதில் விழுந்ததைக் கண் பார்க்க ஆரம்பித்துவிடும் என்று தொழிற்சாலையில் படித்த பாடம் அது. பேசியவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் முதுகுக்குப் பின்னால் என்னை வாய்ப்பூட்டுக் கிழவி என்று சொல்வார்கள் என்பதும் தெரியும்.

செப்டம்பர் 3ஆம் தேதி மதியம் லுபோரும் இடாவும் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். பிளம்ஸ் கொழுக்கட்டை செய்திருந்தேன். அதன் பிறகு இடா பாத்திரம் கழுவப் போனாள். லுபோர் நான்கு முட்டைப் பெட்டிகளை மேசையில் வைத்தார். ஒன்று முதல் நான்குவரை எண் போட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் பத்துக் கூடுகள். நான் லென்ஸை எடுத்ததும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, "அத்தை, ஒரே ஒரு விஷயம், இந்தத் தடவை கேப்பு..." என்று ஆரம்பித்தார்.

நான் கையை நீட்டித் தடுத்தேன். "வாயைத் திறக்காதீங்க மாப்பிள்ளை. கூடு பேசட்டும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு இன்னொரு கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு நான் நாற்பது கூடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாக் கேப்புகளும் உருண்டையாக இருந்தன. ஒன்றாம் எண்ணுக்கும் நாலாம் எண்ணுக்கும் முகத்தில் வித்தியாசமே இல்லை. நான்கு படி மருந்து ஏறியும் ஒரே முகம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அழுத்தம் ஏற ஏறக் கேப்பு கொஞ்சமாவது மாறாமல் இருக்காது. மாறவில்லை என்றால் அந்தக் கேப்பு எதையும் காட்டுகிற ஜாதி இல்லை. இது எனக்குத் தெரியாததில்லை. மருமகன் நிதானமாகச் செய்திருக்கிறார், எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு உருப்பட்டார் என்று பெருமைதான் பட்டேன். கூட்டின் அடிச்சுற்றை அளக்கும் கருவி அதே மேசையின் இழுப்பறையில் இருந்தது. கண்ணே போதும் என்று அதை எடுக்கவில்லை.

"நாலாம் எண். தைரியமா செய்ங்க" என்றேன். லுபோர் நாலாம் எண் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "உங்க கண்ணுக்குத் தப்புமா அத்தை" என்று சொல்லிப் பெட்டிகளை அடுக்கினார். அவர் சொல்ல வந்தது என்ன என்று நானும் பிறகு கேட்கவில்லை. இடா தேநீர் கொண்டுவந்தாள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அவர் அன்று சொல்ல வந்தது இதுதான். கோடை முழுவதும் கடைகளில் கைத்துப்பாக்கிக் கேப்பு கிடைக்கவில்லை. அதே அளவு, அதே வெள்ளி நிறத்தில் இருக்கும் நீளத் துப்பாக்கிக் கேப்பைப் போட்டிருந்தார். அதன் தகடு தடிமன். எவ்வளவு அழுத்தம் வந்தாலும் முகம் மாறாது. அவர் இதை எனக்கு மறைக்கவில்லை. நான்தான் வாயை அடைத்தேன். இதை அப்படியே எழுத வேண்டும் என்று அதிகாரியிடம் இரண்டு முறை சொன்னேன்.

17ஆம் தேதி காலை பழைய கல்குவாரியில் போட்டி தொடங்கியது. மூன்று சுடும் திடல்கள் வரிசையாக இருக்கும். நடுவே மண் மேடு. பின்னால் ஒரே பாதை. இடா முதல் திடலில் சுட்டு முடித்து மூன்றாம் திடலுக்குப் போனாள். லுபோர் வேறு குழுவில் இருந்தார். நான் முதல் திடலில் காலிக் கூடுகளைப் பொறுக்கினேன். இடாவுடைய கூடுகளில் பச்சை மை வைத்திருக்கும். ஏழாவதோ எட்டாவதோ எடுத்தபோது விரலில் ஏதோ இடறியது. கண்ணில் படவில்லை, விரலில்தான் பட்டது. திருப்பிப் பார்த்தேன். கேப்பு உருண்டையாக அழகாக இருந்தது. அதற்குச் சற்று மேலே கூட்டின் ஒரு பக்கம் வயிறு தள்ளியிருந்தது. துப்பாக்கிக் குழாயின் பின்பக்க வாயில் தோட்டா வழுக்கி ஏற ஒரு சாய்வு செதுக்கியிருப்பார்கள். அந்த இடத்தில் கூட்டைத் தாங்க இரும்பு கிடையாது. அழுத்தம் மிஞ்சினால் பித்தளை அங்கேதான் பிதுங்கும். இன்னும் மூன்று கூடுகளை எடுத்தேன். மூன்றும் அப்படியே. ஒன்றில் முடி போல ஒரு விரிசல் இருந்தது.

விரிசல் விட்ட கூட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டேன். கேப்பு வேறு, அதைத்தான் மாப்பிள்ளை சொல்ல வந்தார் என்று அந்த நொடியில் புரிந்தது. அடுத்த தோட்டாவில் கூடு கிழிந்தால் துப்பாக்கி இடாவின் கையிலேயே வெடிக்கும். அதன் பிறகு மூன்றாம் திடலை நோக்கி ஓடினேன். சுமார் நூற்றிருபது மீட்டர் இருக்கும். ஆறு வருடமாக நான் ஓடியதில்லை. இரண்டாம் திடலைத் தாண்டும்போது யாரையும் கவனிக்கவில்லை. மூன்றாம் திடலில் இடா கோட்டில் நின்றாள். துப்பாக்கி நிரப்பியாகிவிட்டது. நடுவர் "தயாரா?" என்று கேட்பது காதில் விழுந்தது. நான் "நிறுத்து" என்று கத்தினேன். எல்லோர் காதிலும் சத்தம் தடுக்கும் மூடி இருந்தது. யாரும் திரும்பவில்லை. நான் கயிற்றைத் தாண்டிப் போய் நடுவரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். அவர் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். இடா துப்பாக்கியைக் காலி செய்து உறையில் வைத்தாள்.

அவள் முதலில் கோபப்பட்டாள். "என்னம்மா இது, என் பேரையே அடிச்சுடுவாங்க" என்றாள். நான் கூட்டை அவள் கையில் வைத்தேன். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நடுவரும் பார்த்தார். நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். இடாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தேன். விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று அவள் பிறகு சொன்னாள், எனக்கு நினைவில்லை. சுமார் நான்கு நிமிடம் கழித்து இரண்டாம் திடலில் சத்தம் கேட்டது. மற்றச் சத்தங்களைவிடத் தட்டையாக, அகலமாகக் கேட்டது. அதன் பிறகு அங்கே யாரும் சுடவில்லை.

லுபோரின் துப்பாக்கியில் குழாய் பிளந்திருந்தது. வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. பல் கட்டும் வேலைக்கு அந்த இரண்டு விரல்தான் எல்லாம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என்னைப் பார்த்து, "சொல்ல வந்தேன் அத்தை" என்று மட்டும் சொன்னார். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. அவர்மேல் வழக்குப் போட்டால் அது அநியாயம்.

அதிகாரி இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டாம் திடலைத் தாண்டும்போது யாரையும் கவனிக்கவில்லை என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னேன். அவர் தண்ணீர் கொடுத்தார். இதை என் மகள் படிக்க முடியுமா என்று கேட்டேன். காயம்பட்டவரின் மனைவி என்பதால் கேட்டால் படிக்கலாம் என்றார். இடா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அதையும் எழுதும்படி சொன்னேன்.

திருத்தம்: அந்த வரி பொய். அடித்துவிடவும். இரண்டாம் திடலின் பின்னால், பாதையிலிருந்து மூன்றடி தூரத்தில் லுபோர் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர் காது மூடியை ஒரு பக்கம் தூக்கி, "என்ன அத்தை, முழங்கால் சரியாயிடுச்சா? யார் துரத்துறா?" என்று கேட்டார். அவர் கையில் இருந்ததும் அதே நாலாம் எண் தோட்டாக்கள்தான் என்று எனக்குத் தெரியும். நிற்கக்கூட வேண்டியதில்லை. ஓடிக்கொண்டே, சுடாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு மூச்சு இருந்தது. இடாவை நிறுத்தக் கத்த வேண்டுமே என்று அந்த மூச்சை வைத்துக்கொண்டேன். இடாவை நிறுத்திய பிறகும் நான்கு நிமிடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் இந்த மூன்று நாளும் இடா அவர் பக்கத்தில்தான் இருந்தாள். நான் அவரைத் தாண்டிப் போனதை அவர் அவளிடம் இதுவரை சொல்லவில்லை.

திருத்தத்தோடு சேர்த்து மேலே கண்டது அனைத்தும் யாரும் வற்புறுத்தாமல் நான் சொன்னது. நடந்ததும் அப்படித்தான். படிக்கக் கேட்டு, சரி என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன். என் மகள் இதைக் கேட்டால் மறுக்காமல் கொடுக்கவும்.

(ஒப்பம்) வில்மா ஸ்கோபலோவா
20 செப்டம்பர் 2022, காலை 11.40