காலிக் கட்டம்

விளக்கை யாரும் குறைக்க வேண்டாம். சொல்கிற எனக்கே இந்தக் கதைக்கு வெளிச்சம் வேண்டும்... நம் இசக்கிப்பாண்டியின் மச்சான் தளவாய்க்கு நடந்தது இது.

மத்தியானம் மூன்று மணி. பேய்க்கு ஏது பகல் என்று சிரிக்காதீர்கள். அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் ஹர்த்தால், முழுக் கடையடைப்பு. எள் போட்டால் எள் விழாத பழவங்காடி ரோட்டில் ஈ, காக்கை இல்லை. பின்னால் ஒரு சந்து... அதில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை. மறுநாள் காலையில் கல்யாண பேனர் கொடுத்தாக வேண்டும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தளவாய் தனியாக வேலை பார்த்தான்.

திருவனந்தபுரத்தில் ஒரு ஆள் செத்தால் போதும், முக்கில் கறுப்பு வெள்ளை போர்டு எழும்பிவிடும். மேலே அஞ்சலிக்கு மலையாளத்தில் 'ஆதராஞ்சலிகள்', நடுவில் கட்டம் போட்டுப் படம், கீழே பேர். எல்லாருக்கும் கம்ப்யூட்டரில் ஒரே ஃபைல்தான். படத்தையும் பேரையும் மாற்றினால் வேலை முடிந்தது. முதலாளி சத்தியநேசன், அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லியிருந்தார்.

"புது படம் வராம பழைய ஆள எடுக்கப்பிடாது, கேட்டியா? காலியா கெடந்தா அது ஆளு தேடும்."

தளவாய் சிரித்துக்கொண்டான். ஹர்த்தால் அன்றைக்கு, கல்யாண ஃபைலைத் தேடப் போய் அந்த அஞ்சலி ஃபைல் திறந்துவிட்டது. போன வாரம் செத்த கிழவர் அவனையே பார்த்தார்... ஆள் அரவமில்லாத கடையில் அந்தப் பார்வை அவனுக்குப் பொறுக்கவில்லை. படத்தை அழித்தான். சேவ் பண்ணி மூடினான். கல்யாண பேனரை மெஷினுக்கு அனுப்பினான்.

சரக்... சரக்...

மூக்கைத் துளைக்கிற மை நெடி. சிவப்பும் மஞ்சளும் வர வேண்டிய இடத்தில் கறுப்பு மட்டும் வந்தது. ஆதராஞ்சலிகள்... அப்புறம் முடி. நடு வகிடு. நெற்றி. இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு.

அந்தத் தழும்பை அவன் தாலி கட்டும்போதே பார்த்திருக்கிறான். இசக்கிசெல்வி. அவன் பெண்டாட்டி. காலையில் மணக்காட்டு வாடகை வீட்டில் அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள்.

மெஷின் சுவிட்சை அணைத்தான். சரக்... பிளக்கைப் பிடுங்கினான். சரக்... கண் வந்துவிட்டது. மூக்கும் வந்துவிட்டது. முழு முகமும் வந்தால் அவள் போய்விடுவாள் என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தது. கட்டர் பிளேடை எடுத்து மூக்குக்குக் கீழே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே கீறு கீறினான்.

மெஷின் நின்றது.

போன் போட்டான். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"ஏட்டி செல்வி... நல்லாருக்கியா?"

"ம்."

"ஒனக்கு ஒண்ணும் இல்லல்லா?"

"ம்."

உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. உட்கார்ந்து அழுதான். அப்புறம் ஓடினான். மணக்காடு வரைக்கும் ஆட்டோ இல்லை, ஆள் இல்லை... அவன் செருப்புச் சத்தம் மட்டும்.

கதவைத் தட்டினான். திறந்தாள். அதே நைட்டி, அதே தழும்பு. தோளில் கிடந்த துண்டால் மூக்குக்குக் கீழே பொத்தியிருந்தாள். கண் மட்டும் அவனைப் பார்த்து நிறைந்து வழிந்தது. வீட்டுக்குள் மை நெடி.

"என்னட்டி... என்ன ஆச்சு?"

"ம்..."

துண்டை இறக்கினாள்.

மூக்குக்குக் கீழே வெள்ளை. ஒன்றும் அச்சாகாத வெள்ளை.