கடைசிச் சுவர்வரை

வண்டிகளை நிறுக்கும் எங்கள் எடை மேடையில் எந்தக் கோளாறும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசாங்க ஆள் வந்து சோதித்து முத்திரை ஒட்டிவிட்டுத்தான் போகிறார். காற்று அடித்தால் எண் கொஞ்சம் ஆடும். வயோமிங்கில் காற்று அடிக்காத நாள் எது? எண் நிற்கும்வரை பொறுத்திருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். விபத்து அறிக்கையில் மேடை தப்பாகக் காட்டியிருக்கலாம் என்று எழுதப் போவதாகச் சொன்னீர்கள். அதனால்தான் உட்கார்ந்து பேசுகிறேன். காற்றின் மேல் பழியைப் போட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

பிக்கப்பையும் ட்ரெய்லரையும் எப்படி எடை போட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றி ஒரே எண்ணாக வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது போதாது. மேடையில் மூன்று தட்டுகள் இருக்கின்றன. பிக்கப்பின் முன்சக்கரம் முதல் தட்டில், பின்சக்கரம் இரண்டாவதில், ட்ரெய்லரின் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்க வேண்டும். டேங்க் நிறைந்திருக்க வேண்டும். போகிற ஆட்கள் இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு ட்ரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு, பிக்கப்பை மட்டும் மறுபடி ஏற்ற வேண்டும். முதல் இரண்டு தட்டுகளில் முன்பு காட்டிய எடையிலிருந்து இதைக் கழித்தால், ட்ரெய்லரின் மூக்கு, அதாவது கொக்கி மாட்டும் முன்முனை, பிக்கப்பின் முதுகை எவ்வளவு அழுத்துகிறது என்று தெரியும். ட்ரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்காவது அந்த மூக்கில் இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். பிறகு ஓட்டுவது டிரைவர் இல்லை, ட்ரெய்லர்தான்.

இதை நான் லாரமியில் இன்ஜினியரிங் படித்த காலத்தில் பேப்பரில் கற்றேன். மேடையில் பிறகு கற்றேன். இடையில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. கொரின் என் அக்கா. அவள்தான் கல்லூரிக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நீ ராத்திரி வேலைக்குப் போ, ஆர்லன். ராத்திரி அம்மாவை நான் பாத்துக்கறேன். பகல்ல நீ பாரு. ரெண்டு பேரும் சேர்ந்தே இழுத்துருவோம்" என்றாள்.

இழுத்தோம். லைல் என் பள்ளிக்கூட நண்பன், பிறகு அவள் கணவன். விபத்தில் புரண்ட அந்த வீட்டு ட்ரெய்லரை வாங்கியது நானும் அவனும். அழுகிய தரையைப் பெயர்த்து எடுத்து, ஒழுகிய கூரையை அடைத்து, ஒரு கோடை முழுவதும் அதில் செலவழித்தோம். என்றாவது ஒருநாள் எல்லாரும் சேர்ந்து இந்தக் காற்றை விட்டுப் போவோம் என்று பேசிக்கொள்வோம். எல்லாரும் என்றால் நானும் சேர்த்தி என்று நினைத்திருந்தேன்.

அன்று என் ஷிப்ட் முடிந்து, நான் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். வெயில் வந்துவிட்டது. லைல் ட்ரெய்லரோடு வந்து நின்றான்.

"மச்சான், வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் பார்த்துடு. ஐடஹோவுல ஏரி. ரெண்டு வாரம் மீன் பிடிக்கப் போறோம்."

"அம்மா?"

"நர்ஸ் ஏற்பாடு பண்ணியிருக்கேன்டா" என்றாள் கொரின். என் முகத்தைப் பார்க்கவில்லை.

முறைப்படி எடை போட்டேன். ட்ரெய்லர் ஏழாயிரம் பவுண்டுக்கு மேல் காட்டியது. அது காலியாக எவ்வளவு என்று எனக்குத் தெரியும், தரை போட்டு முடித்த அன்று நான்தான் எடை போட்டேன். இரண்டு பேர் இரண்டு வாரத்துக்கு எவ்வளவு எடுத்துப் போவார்கள் என்றும் தெரியும். இந்த மேடையில் அப்படிப்பட்டவர்களைத் தினமும் பார்க்கிறேன். இது அந்த எடை இல்லை. வீட்டைக் காலி செய்கிறவர்களின் எடை.

எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன மச்சான், பின் அச்சுல கூடுதலா காட்டுது?" என்றான் லைல். பிக்கப்பின் பின் அச்சு தாங்கும் எடை என்று கதவோரம் ஒட்டியிருக்கும் வரம்பைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அந்த அச்சைப் பற்றி அவனுக்கு எப்போதும் பயம்.

"முன்னாடி நிறைய அடைச்சிருக்க. கொஞ்சத்தைத் தள்ளி வெக்கணும்."

ஓரமாக நிறுத்தி ட்ரெய்லரின் கதவைத் திறந்தான். ஜெனரேட்டர், அவனுடைய கருவிப் பெட்டிகள், டின் உணவுப் பெட்டிகள், அக்காவின் பனிக்கோட்டுகள், அம்மாவின் இரும்புத் தையல் மெஷின், கனமான அலுமினியத் தகடுகள் இரண்டு. தூண்டில் எதுவும் கண்ணில் படவில்லை.

நானும் கைகொடுத்தேன். தையல் மெஷினை நானே தனியாகத் தூக்கினேன். தகடுகளை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்தோம்.

"இங்கயா?" என்றான்.

"இன்னும் பின்னாடி."

"இவ்வளவு பின்னாடி வெச்சா வண்டி ஆடாதா? எங்கயோ கேட்ட ஞாபகம்."

"காலேஜ் போனது நீயா, நானா?"

"பாதியில ஓடி வந்தவன் பேசற பேச்சைப் பாரு" என்று சிரித்தான்.

அக்கா காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "லைல், சும்மா இரு. இந்த ஊர்ல எடையைப் பத்தித் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். சொல்றதைச் செய்."

செய்தான். மறுபடி மேடையில் ஏற்றினோம். பின் அச்சு வரம்புக்குள் வந்துவிட்டது. மொத்தம் வரம்புக்குள். பார்க்க அழகான எண்கள். ட்ரெய்லரில் பொருள்களைப் பின்னால் தள்ளினால் பிக்கப்பின் பின் அச்சு லேசாகத்தான் செய்யும். மூக்கு தூக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

"மறுபடி கழிச்சுப் பாக்கணுமா?" என்றான்.

"தேவையில்ல. எல்லாம் வரம்புக்குள்ள இருக்கு."

பொய் சொல்லவில்லை. எல்லாம் வரம்புக்குள்தான் இருந்தது. கழித்துப் பார்க்கும் வேலையை நான் மனதுக்குள் முடித்துவிட்டிருந்தேன். மூக்கில் எழுநூறு பவுண்டாவது இருக்க வேண்டும். முந்நூறுகூட இல்லை.

கிளம்பும்போது கொரின் ஜன்னலை இறக்கினாள்.

"ஆர்லன், போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன். ஒரு விஷயம் பேசணும். கோவப்படக் கூடாது."

"இப்பவே சொல்லேன்."

"இப்ப சொன்னா நீ வண்டிக்குக் குறுக்க படுத்துடுவ" என்று சிரித்து, என் கன்னத்தைத் தட்டினாள்.

நான் லைல் பக்கம் போய் ஒரு யோசனை சொன்னேன். "லாரமிக்கு முன்னாடி அந்தப் பள்ளத்தாக்கு எறக்கத்துல பிரேக்கைப் புடிச்சுக்கிட்டே போகாத. சூடாயிடும். வண்டியைத் தாராளமா ஓட விடு."

அதுவும் எல்லாரும் சொல்கிற யோசனைதான். கனமான வண்டிக்காரர்கள் யாரைக் கேட்டாலும் பிரேக் சூடாவதைப் பற்றிச் சொல்வார்கள்.

மீதி உங்களுக்கே தெரியும். இறக்கம், வேகம், பக்கவாட்டுக் காற்று, கடந்து போன ஒரு பெரிய லாரி. தடுப்புக்கு அப்பால் வண்டி எத்தனை முறை புரண்டது என்று நீங்கள் சொன்னபோது நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பேரும் அங்கேயே போய்விட்டார்கள். எனக்கு அந்தச் செய்தி வந்தபோது அம்மாவுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஊட்டி முடித்தேன். பாதியில் நிறுத்தினால் பிறகு அம்மா சாப்பிட மாட்டாள்.

"கொரின் போன் பண்ணாளா?" என்று தினமும் கேட்கிறாள். ஏரிப் பக்கம் சிக்னல் இருக்காது என்று சொல்லியிருக்கிறேன். அடக்கத்துக்கு முன் சொல்லிவிடுவேன். இப்போது சொன்னால் அவள் உடம்பு தாங்காது. பார்த்துக்கொள்ள என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

என்னை நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. படிப்பை விட்டது நான். ராத்திரிகளைக் கொடுத்தது நான். என் கையால் தரை போட்ட ட்ரெய்லரிலேயே ஏறி, மீன் பிடிக்கப் போகிறோம் என்று என் முகத்துக்கு நேராகப் பொய் சொல்லி, அம்மாவை என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். உங்கள் அக்கா இப்படிச் செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

அந்த அலுமினியத் தகடுகள் என்னவென்று கேட்டீர்கள். வாசற்படி மேல் வைக்கிற சரிவுப் பாதை. சக்கர நாற்காலி ஏறுவதற்கு. எங்கள் வீட்டில் இருப்பது பலகையால் நான் செய்தது. மழையில் ஊறிப்போய்விட்டது. இது புதிது. ரப்பர் விளிம்பு, இரண்டு பக்கமும் தடுப்பு. ஐடஹோவில் எங்காவது வீடு பார்த்திருப்பார்கள், அதன் வாசலுக்கு வாங்கியிருப்பார்கள். எங்கள் குடும்பத்தில் சக்கர நாற்காலியில் போகிறவர் ஒருவர்தான்.

ஆக, அம்மாவை என் தலையில் கட்டவில்லை. வீட்டைத் தயார் செய்துவிட்டு வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். நான் ஒருவன்தான் இந்தக் காற்றில் மிஞ்சியிருப்பேன். இல்லை, நான் மறுபடி படிக்கப் போகலாம் என்று கொரின் சொல்லியிருக்கவும்கூடும். அவள் அப்படித்தான், எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுத்தான் சொல்வாள்.

அந்தத் தகட்டைத் தூக்கும்வரை, பொருள்களைக் கொஞ்சம் நடுவுக்குத் தள்ளினால் போதும் என்றுதான் இருந்தேன். அச்சும் சரியாகியிருக்கும், மூக்கும் சரியாக இருந்திருக்கும். ஒரு முனையைக் கையில் வாங்கியதும், அது யாருக்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றையும் கடைசிச் சுவர்வரை தள்ளச் சொன்னேன்.

மேடை சரியாகத்தான் காட்டியது. அதை மட்டும் மாற்றி எழுதாதீர்கள்.