செதில் சுரண்டிய சுப்புராயன்

மேடை கொள்ளாமல் வீற்றிருக்கும் தலைவர், மொத்த மளிகை மன்னர் தேவப்பிரியம் அண்ணாச்சி அவர்களே! காசிமேட்டுக் காற்றைக் குடித்து வளர்ந்த பெரியோர்களே! கூடை சுமந்து குடும்பமும் சுமக்கும் தாய்மார்களே! பிரியாணி எப்போது என்று பின்வரிசையில் பார்த்திருக்கும் பெருமக்களே! வணக்கம்!

சோரியாசிஸ்! தோலில் வந்த துயரம்! யார் செய்த குற்றம்?

நம் மீன்கார மங்கை அக்காவின் கையில் வெள்ளைச் செதில் வந்தது. வீட்டுக்காரர் சுப்புராயன் என்ன செய்தார்? மருத்துவரிடம் போனாரா? மருந்து வாங்கினாரா? இல்லை! சங்கரா மீனுக்குச் செதில் எடுக்கும் கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்! "இன்னாமே, செதில்தானே? நான் பாக்காத செதிலா? கையக் குடு, ஒரே இழுப்பு!" இழுத்தார். சில நாளில் இழுத்த இடமெல்லாம் செதில்!

ஏன்? நம் தோலுக்குள் வளர்ச்சிக் காரணி என்றொரு புரதம் உண்டு. நம் துறைமுகத்தில் ஏலம் கூவுகிறவர் மாதிரி. காயம் பட்டால், "வா, வளர், மூடு" என்று தோல் செல்களைக் கூவி அழைக்கும். காயம் மூடினால் வாயை மூடும். சோரியாசிஸில் மூடாது!

என்ன தம்பி? "உன்ன மாதிரியா நைனா?" என்கிறாயா? ஆமாம், என்னைப் போலத்தான்! உடம்பின் காவல் அணுக்களும் சேர்ந்து கூச்சலிட, ஒரு மாதம் எடுத்து மேலே வரவேண்டிய தோல் நாலைந்து நாளில் முண்டியடித்து வந்து குவிகிறது. சுரண்டினால்? புதுக் காயம்! புதுக் கூவல்! புதுச் செதில்!

"மீனுக்கு எடுத்தா திரும்ப வரலியே டாக்டரம்மா!" என்று காலடிப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிதாபமாகக் கேட்டாராம் சுப்புராயன். "அந்த மீன் செத்திருக்கும். உங்க சம்சாரம் உயிரோட இருக்காங்க" என்றார் டாக்டர் ஜெமிமா.

சிரிக்கிறீர்கள். எனக்கு வயிறு எரிகிறது! மருந்தில் கை தேறிவிட்டது. கூடை மட்டும் விற்கவில்லை. ஒட்டிக்கொள்ளுமாம்! தொட்டாலும் ஒட்டாது, தோளில் சாய்ந்தாலும் ஒட்டாது, மீனிலும் ஒட்டாது! இன்னும் இப்படியே போனால் தொழிலையே விட்டுவிடுவேன் என்று அக்கா அழுகிறார். "ஒட்டிக்கும்" என்று கடையில் உட்கார்ந்து முதலில் சொன்னவர் யார்? நம் தலைவர்!

கோபிக்காதீர்கள் அண்ணாச்சி. சற்றுமுன் மேடைக்குப் பின்னால் வஞ்சிரம் வறுவலை விரல் சூப்பிச் சாப்பிட்டீர்களே, அது யார் கூடை மீன்? மங்கை அக்கா கூடை மீன்! அரிந்தது அவர் கை! மசாலா தடவியதும் அவர் கை!

தலைவர் தம் கையைப் பார்க்கிறார். திருப்பிப் பார்க்கிறார். மைக்கைக் கேட்கிறார். இந்தாருங்கள்!

"ஏளா மங்கை... இன்னும் ரெண்டு துண்டு கிடக்கா?"

கேட்டீர்களா! கைதட்டிய கரங்களுக்கு நன்றி. அதே கரங்களால் நாளைக் காலை மீன் வாங்குங்கள். வரிசையில் நில்லுங்கள், அண்ணாச்சிக்குப் பின்னால்! வணக்கம்!