ஒரு முறை அழுந்திய ஈயம்

எங்கள் வீட்டுக் குழாய் எதுவும் இதுவரை ஒரு சொட்டுகூட ஒழுகியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஐயா. நீங்கள் இந்த அறைக்குள் வந்ததும் மூலையில் இருக்கும் கைகழுவும் தொட்டியின் குழாயை இரண்டு முறை இறுக்கிப் பார்த்துவிட்டுச் சலிப்போடு விட்டுவிட்டீர்கள். அதனால் சொல்கிறேன். உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது. கைக்கு எவ்வளவு வலு இருந்தாலும் நிற்காது. அனுமதி கொடுத்தால் நானே மாற்றித் தருவேன். பத்து நிமிட வேலை.

குளோரின் நிரப்பும் தொழிற்சாலையில் நான் இருபத்தொரு வருடங்களாக வால்வு பரிசோதகன். குடிநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களுக்கு எங்களிடமிருந்துதான் சிலிண்டர்கள் போகின்றன. நச்சு வாயு என்பதால் விதி ஓர் அடைப்போடு திருப்தி அடைவதில்லை. முதல் அடைப்பு, சிலிண்டரின் கழுத்தில் நேராகத் திருகப்பட்ட வால்வு. இரண்டாவது, அந்த வால்வின் வாயில் திருகும் மூடி. மூடிக்குள் வாயு அரிக்காத ஈய வாஷர் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, உருண்டு விழுந்தாலும் வால்வு முறியாதபடி ஓர் இரும்புத் தொப்பி. வால்வை எவ்வளவு தேர்ந்த கை மூடியிருந்தாலும் விதி அந்தக் கையை நம்புவதில்லை. அது யாரையும் நம்பாததால் யாரையும் அவமதிப்பதும் இல்லை. மனிதர்களிடம் நான் இந்தப் பண்பைக் கண்டதில்லை.

ஈய வாஷரை ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். காரணம் எளிது. ஈயம் மென்மையானது, எந்த வாயில் அழுந்துகிறதோ அந்த வாயின் மேடுபள்ளங்களை அப்படியே வாங்கிக்கொள்கிறது. பிறகு அதை வேறொரு வாயில் வைத்தால் பழைய வாயின் நினைவோடுதான் உட்காரும். பார்வைக்குப் பொருந்தும், உண்மையில் பொருந்தாது.

இதைத்தான் மேலாளரிடம் சொன்னேன். புதிய வாஷர்கள் வந்து சேரத் தாமதமாகிறது என்பதற்காக, பழையதைக் கழற்றி மறுபடி போடச் சொல்லி அவர் உத்தரவிட்டிருந்தார். சாப்பாட்டு அறையில், எல்லோருக்கும் நடுவில் பேச்சு நடந்தது.

“பார்க்க நல்லாத்தானே இருக்கு? எதுக்குத் தூக்கிப் போடணும்? இன்னொரு தடவை போடுங்க, ஒண்ணும் ஆகாது,” என்றார் மேலாளர்.

“சார், ஒரு தடவை அழுந்தின ஈயம் அந்த வாய்க்குத்தான் சேரும். அடுத்த வாய்க்குச் சேராது.”

அப்போதுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். எங்கள் சிலிண்டர் வண்டியின் ஓட்டுநர். சோற்றுப் பருக்கை ஒட்டிய கையை நீட்டியபடியே சொன்னார்: “விடுங்க சார். எங்க மச்சானுக்கு வால்வுக்கு மூடி வேணும், மூடிக்கு வாஷர் வேணும், அதுக்கு மேல தொப்பி வேணும். இன்னும் கொஞ்சம் விட்டா தொப்பிக்கு மேல குடையும் பிடிப்பாரு.”

அறையே சிரித்தது. பாத்திரம் கழுவும் அம்மாள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்தேன், நல்ல நகைச்சுவைதான். அன்றிலிருந்து எனக்குக் ‘குடைக்காரர்’ என்று பெயர் விழுந்தது. நான் நிரப்பும் கூடத்துக்குள் நுழைந்தால், “குடைக்காரர் வராரு, நனையாம ஓரமா நில்லுங்கப்பா,” என்று யாராவது சொல்வார்கள். இருபத்தொரு வருடங்களாக என்னைப் பரிசோதகர் என்று அழைத்தவர்கள் அவர்கள்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அன்று மாலையே எதிர் வீட்டிலிருந்து வந்து என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “கோவமா மச்சான்? சும்மா வாய்க்கு வந்துடுச்சு,” என்றார். “சேச்சே, அதுல என்ன மாப்பிள்ளை,” என்றேன். எனக்குக் கால் முறிந்து கிடந்தபோது ஒன்றரை மாதம் என்னைத் தூக்கிக் குளிப்பாட்டியவர் அவர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வாக்குமூலம் முழுமையாக இருக்க வேண்டும்.

மேலாளருக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவது திரும்பி வந்தது. அதன் மேல் தேநீர் டம்ளர் வைத்த வட்டம் மட்டும் இருந்தது. ஏறத்தாழ ஒரு வாஷரின் அளவு.

கசியாதவரை கசிவைத் தடுக்கும் விதி எல்லோருக்கும் வீண் வேலையாகத்தான் தெரிகிறது. விதி சரியாக வேலை செய்வதே அதற்குக் குற்றமாகிவிடுகிறது. ஆகவே ஒரு சிறிய கசிவு வேண்டியிருந்தது. சிலிண்டரை இறக்கும் இடத்தில், திறந்த வெளியில், நாலு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்கும் அளவுக்கு. அவர்கள் புகார் எழுதுவார்கள், மேலாளர் உத்தரவைத் திரும்பப் பெறுவார். நான் நினைத்தது அவ்வளவுதான். முதலில் நினைத்தது.

உள் இருக்கை தேய்ந்து, இறுக்கி மூடினாலும் மெல்லக் கசியும் வால்வோடு திரும்பி வந்திருந்த ஒரு சிலிண்டருக்கு நானே சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கியிருந்தேன். அந்த அட்டையை நானே அவிழ்த்தேன். நிரப்பியபின் மூடியை நானே திருகினேன். மூடிக்குள் பழைய வாஷர். அது மேலாளரின் உத்தரவு, என்னுடைய தேர்வல்ல.

மழை நாளில் மாப்பிள்ளை திறந்த வண்டியை எடுப்பதில்லை. ஓட்டுநரும் சிலிண்டர்களும் ஒரே மூடிய கூண்டுக்குள் இருக்கும் வேனை எடுப்பார், கண்ணாடிகளை ஏற்றிவிடுவார். நச்சு வாயுவைக் காற்றோட்டமான வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும் என்று விதி சொல்கிறது. அதற்கும் நான் ஒரு முறை குறிப்பு எழுதினேன். அதற்கும் சிரித்தார்கள்.

சம்பவம் நடந்த காலையில் நல்ல மழை. நானே சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

“என்ன மச்சான், நீங்களே ஏத்துறீங்க?”

“மழை மாப்பிள்ளை. ஆள் வரல.”

“இன்னிக்குப் பார்த்துக் குடையை மறந்துட்டீங்களே!” என்று சொல்லிவிட்டு, தலையில் இருந்த துண்டை எடுத்து என் தலையில் போட்டார்.

வண்டியை எடுக்கும் முன் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மேலாளரை நம்பமாட்டார், என்னை நம்பமாட்டார். அமோனியாக் குப்பியை எடுத்து ஒவ்வொரு வால்வின் அருகிலும் அமுக்கிப் பார்ப்பார். கசியும் குளோரினில் அமோனியாவின் ஆவி பட்டால் வெள்ளைப் புகை எழும். அதுதான் சோதனை. விதி அதை ஓட்டுநரிடம் கேட்பதில்லை, அவராகச் செய்துகொண்டார். அந்த வகையில் அவர் என்னைவிடக் கண்டிப்பானவர். அன்றும் எட்டு வால்வுகளையும், பூச்செடிக்குத் தண்ணீர் தெளிப்பவர் போல ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

“புகை இல்ல. ஆளு பொய் சொல்லலாம், புகை பொய் சொல்லாது மச்சான்.”

புகை பொய் சொல்லவில்லை. குப்பியில் தண்ணீர் இருந்தது. முந்தின நாள் பிற்பகல் நான் ஊற்றியது.

புறப்பட்ட நாற்பதாவது நிமிடத்தில் வேன் சாலையோரமாக நின்றிருக்கிறது. கைப்பிரேக் போடப்பட்டிருந்தது, விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடிகள் ஏற்றியபடி. அவருடைய நிலையை நீங்கள் புகைப்படத்தில் காட்டினீர்கள், நானும் பார்த்தேன். திரும்பக் காட்ட வேண்டாம்.

நேற்று என் தங்கையை என்னோடு ஐந்து நிமிடம் பேச விட்டீர்கள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அண்ணா, அவருக்கு மூக்கு போனதை உங்ககிட்ட மட்டும் சொல்லாம ஆபீஸ்லயே சொல்லியிருந்தா, வேற வேலைக்கு மாத்தியிருப்பாங்கல்ல? உயிரோட இருந்திருப்பாருல்ல? நான்தானே வேணாம்னு உங்க வாயைக் கட்டினேன்?”

நான்கு வருடங்களுக்கு முன் அவள் என் வீட்டுச் சமையலறையில் நின்று சொன்னது அது. அவர்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்து அடுப்பில் கருகிக்கொண்டிருந்ததாம்; பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாராம். எத்தனையோ வருடம் இந்த வாயுவோடு புழங்கியதில் அவருக்கு வாசனை என்பதே போய்விட்டது. மருத்துவப் பரிசோதனையில் எப்படியோ சமாளித்துவந்தார். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா. வண்டி ஓட்டுறதை விட்டா அவருக்கு வேற ஒண்ணும் தெரியாது,” என்று அழுதாள். விதிப்படி நான் அன்றே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. என் வாழ்நாளில் தெரிந்தே வளைத்த விதி அது ஒன்றுதான். நேற்று அவள் தலையைத் தடவி, “நீ ஒரு தப்பும் பண்ணலம்மா,” என்றேன். அது உண்மை. அவள் வெளியே போகும்போது, “வேளாவேளைக்குச் சாப்பிடுங்கண்ணா,” என்றாள்.

காலையில் நான் உங்களிடம் சொன்னேன்: அவருடைய மூக்கு விஷயம் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை, கசிவை வழியிலேயே உணர்ந்து இறங்கிவிடுவார் என்றுதான் எண்ணினேன் என்று. நீங்கள் மறுத்துப் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். அமோனியாவின் நெடி ஆளையே தூக்கி அடிக்கும். மூக்கு உள்ள எந்த மனிதனும் அந்தக் குப்பியை ஒரு முறை அமுக்கியதும், “இது வெறும் தண்ணீர்” என்று கண்டுபிடித்திருப்பான். மூக்கு இல்லாதவரை ஏமாற்றுவதற்கு மட்டுமே அந்தத் தண்ணீர் பயன்படும். பிறகு எப்படி நினைவுக்கு வராமல் போனது?

நல்ல கேள்வி. நான் பரிசோதகனாக இருந்தும் என் சொல்லில் இருந்த அந்தக் கசிவைக் கவனிக்கவில்லை. திருத்திக்கொள்கிறேன். நினைவில் இருந்தது. தண்ணீரை ஊற்றும்போதும் இருந்தது. அவர் என் தலையில் துண்டைப் போட்டபோதும் இருந்தது. நானே செய்தேன். அவர் உயிர்தான் போக வேண்டும் என்று நினைத்தே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் பலனையும் நீங்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும். நேற்றிலிருந்து எல்லா மூடிக்கும் புதிய வாஷர் போடுவதாகக் கேள்விப்பட்டேன். மேலாளரே நின்று எண்ணிக் கொடுக்கிறாராம். கூண்டு வேனை வெளியே எடுப்பதில்லை. யாரும் சிரிப்பதில்லை.

இன்னொன்று கேட்டீர்கள். ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில், வாயு கசிந்தால் போட்டுக்கொள்வதற்காக இருக்கும் முகமூடிப் பெட்டி திறந்து கிடந்ததே, உள்ளே ஏன் முகமூடி இல்லை என்று. கண் எரியத் தொடங்கியதும் அவர் கதவைத் திறந்து குதித்திருக்கலாம். எங்கள் பயிற்சியில் சொல்லித்தருவது வேறு: முதலில் முகமூடி, பிறகு கதவு. விதியை அவ்வளவு கேலி செய்த மனிதர், கடைசியில் விதிப்படிதான் நடந்திருக்கிறார். குனிந்து பெட்டியைத்தான் முதலில் திறந்திருக்கிறார்.

முகமூடியை எடுத்தது நான்தான். அதை ஒளிக்கவில்லை; பதிவேட்டில் நேரம் போட்டுக் கையெழுத்திட்டே எடுத்திருக்கிறேன். அதன் காலக்கெடு முந்தின நாளோடு முடிந்துவிட்டது. காலாவதியான முகமூடியை வண்டியில் விட்டுவைப்பது விதிமீறல்.

முடிவு செய்த பிறகும் பன்னிரண்டு நாட்கள் ஏன் காத்திருந்தாய், மழைக்காகவா என்று கேட்கிறீர்கள். மழை அதற்கு முந்தின வாரமே பெய்தது, ஐயா. மாப்பிள்ளை அன்றும் அதே வேனைத்தான் எடுத்தார். அந்தச் சிலிண்டரும் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அன்று முகமூடிக்கு இன்னும் நான்கு நாள் கெடு மிச்சம் இருந்தது. கெடு முடியாத முகமூடியை ஓர் ஓட்டுநரிடமிருந்து எடுக்க விதியில் இடமில்லை; அப்படிப்பட்ட காரியத்தை நான் ஒருபோதும் செய்யமாட்டேன்.